குடும்ப நினைவேடும் காகிதம் வெட்டும் மெஷினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பப் படங்களையும் கடிதங்களையும் ஸ்கிராப்புக் என்னும் நினைவேடாகத் தொகுக்க விரும்புவோர், காகிதம் வெட்டும் மின்னணு இயந்திரத்தை வாங்கியதும் ஏறத்தாழ ஒரே வகையான ஐயங்களையே எழுப்புகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக இங்கே தொகுத்திருக்கிறேன். இயந்திரத்தின் வேலை பக்கத்தை ஒப்பனை செய்வது. மூலப் படமும் மூலக் கையெழுத்தும் அதன் பிளேடுக்குக் கீழே போகவே கூடாது. பின்வரும் பதில்களில் பல இந்த ஒரு கொள்கையிலிருந்து பிறந்தவை.

இந்த மெஷின் பிரிண்டர் மாதிரி அச்சடிக்குமா, வெட்ட மட்டும்தான் செய்யுமா?

இது அச்சடிக்காது. பசை தடவிய மேட் ஒன்றின் மேல் காகிதத்தை ஒட்டி உள்ளே செலுத்தினால், உருளைகள் அந்த மேட்டை முன்னும் பின்னும் நகர்த்த, பிளேடு பொருத்திய தலைப்பகுதி இடமும் வலமுமாக ஓடிக் கணினியில் வரைந்த கோட்டின்படி வெட்டுகிறது. பிளேடு தன் அச்சில் சுழன்று, செல்லும் திசைக்கு ஏற்பத் திரும்பிக்கொள்ளும். கூர்மையான மூலைகளில் காகிதம் ஏன் கிழிகிறது என்று பின்னால் விளக்கும்போது இந்தச் செய்தி தேவைப்படும்.

பிளேடு இருக்கும் இடத்தில் பேனாவைப் பொருத்தினால் இயந்திரம் எழுதும். மடிப்புக் கோடு போடும் கருவியைப் பொருத்தினால் வாழ்த்து அட்டை, உறை, சிறு பெட்டி ஆகியவற்றுக்கான மடிப்புத் தடங்களைப் பதிக்கும். படம் அச்சிடத் தனியாக ஒரு பிரிண்டர் வேண்டும்.

கத்தரிக்கோலும் பேப்பர் கட்டரும் இருக்கின்றன. மெஷின் அவசியம்தானா?

அவசியமில்லை. படம், அதன் பின்னணியாக ஓர் அட்டை, கையால் எழுதிய நான்கு வரிகள் ஆகியவை இருந்தால் நல்ல பக்கம் அமைந்துவிடும். ஒரே வடிவம் பல முறை தேவைப்படும்போதும், கையால் வெட்ட இயலாத நுணுக்கமான எழுத்தோ சரிகைப் பின்னல் போன்ற ஓரமோ வேண்டியிருக்கும்போதும், ஒரே ஏட்டை உடன்பிறந்தவர்கள் அனைவருக்கும் படியெடுத்துக் கொடுக்க நினைக்கும்போதும்தான் இயந்திரத்தின் பயன் தெரியும். கைவிரல்களில் வலியோ நடுக்கமோ உள்ள மூத்தவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய துணை.

கிரிகட், சில்ஹவுட், பிரதர் ஆகிய நிறுவனங்களின் மெஷின்களில் எதை வாங்குவது?

காகிதத்தை வெட்டும் திறனில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு மென்பொருளில்தான் இருக்கிறது. கிரிகட் இயந்திரம் அந்நிறுவனத்தின் டிசைன் ஸ்பேஸ் செயலியோடு இயங்குகிறது. அதில் நாமே உருவாக்கிய எஸ்விஜி கோப்புகளை, அதாவது வடிவங்களைக் கோடுகளாகச் சேமிக்கும் கோப்புகளை, ஏற்றலாம். சில்ஹவுட் ஸ்டுடியோ கணினியிலேயே வரைவதற்கு நிறைய வசதிகள் தருகிறது, ஆனால் அதன் இலவசப் பதிப்பில் எஸ்விஜி கோப்பைத் திறக்க முடியாது; டிஎக்ஸ்எஃப் என்னும் வேறொரு வகைக் கோட்டு வரைபடக் கோப்பைத் திறக்கலாம், எஸ்விஜி வேண்டுமென்றால் கட்டணப் பதிப்புக்கு மாற வேண்டும். பிரதரின் ஸ்கேன்-என்-கட் இயந்திரத்துக்குள்ளேயே ஸ்கேனர் இருப்பதால், காகிதத்தில் வரைந்த கோலத்தைக்கூட நேரடியாக வெட்டுகோடாக மாற்றிக்கொள்ளலாம். கணினிப் பழக்கம் குறைவானவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

எந்த நிறுவனமானாலும் வெட்டும் அகலத்தைப் பார்த்து வாங்குங்கள். கையடக்கமான சிறு இயந்திரங்கள் சுமார் நான்கரை அங்குல அகலம்வரை மட்டுமே வெட்டும். தலைப்புக்கும் சிறு ஒப்பனைக்கும் அது போதும். முழுப்பக்கச் சட்டம் வெட்டப் போதாது.

என்ன காகிதம் வாங்க வேண்டும்? கடையில் இருக்கும் கலர் சார்ட் போதுமா?

குழந்தைகளின் பள்ளி வேலைக்குப் பயன்படும் மலிவான சார்ட் அட்டை நினைவேட்டுக்கு ஏற்றதன்று. மரக்கூழில் உள்ள லிக்னின் என்னும் பொருள் காற்றும் ஒளியும் பட்டு மஞ்சளாகிறது. காகிதத்தில் எஞ்சிய அமிலம் அதை நொறுங்கச் செய்வதோடு, தொட்டுக்கொண்டிருக்கும் படத்தையும் கெடுக்கிறது. ஆகவே அமிலமற்றது, லிக்னின் அற்றது என்ற இரண்டு குறிப்புகளும் உள்ள காகிதத்தையே வாங்க வேண்டும். ஐஎஸ்ஓ 18916 என்ற தர எண்ணின்கீழ், படத்தோடு வேதிவினை புரியாத பொருள்தானா என்று கண்டறியும் சோதனை ஒன்று உள்ளது. அதில் தேறிய காகிதம் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

கனத்தைப் பொறுத்தவரை, பின்னணிப் பக்கத்துக்கும் தலைப்பு எழுத்துக்கும் 180 முதல் 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரையுள்ள கார்டுஸ்டாக் அட்டை நன்றாக வெட்டுப்படும். நுண்ணிய பின்னல் வேலைக்கு இதைவிடச் சற்று மெல்லிய காகிதம் நல்லது. நிறம் உள்வரை ஊறிய அட்டையா, நடுவில் வெள்ளையாக இருக்கும் அட்டையா என்பதையும் ஓரத்தைக் கிழித்துப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது வகையை வெட்டினால் எழுத்தின் விளிம்பெங்கும் வெள்ளைக் கோடு தெரியும்.

பன்னிரண்டு அங்குலக் காகிதம், பன்னிரண்டு அங்குல மேட். ஆனாலும் முழு அளவுக்கு ஏன் வெட்ட மாட்டேன் என்கிறது?

பிளேடு எட்டும் பரப்பு மேட்டின் அளவைவிடச் சிறியது. எடுத்துக்காட்டாக, கிரிகட்டின் 12 அங்குல மேட்டில் வெட்டக்கூடிய பரப்பு 11.5 அங்குலம்தான். எனவே பக்கத்தின் வெளிவிளிம்பை இயந்திரத்திடம் ஒப்படைக்காமல், காகிதத்தின் சொந்த விளிம்பையே பக்க விளிம்பாக வைத்துக்கொண்டு, சட்டத்தின் உட்பகுதியை மட்டும் வெட்டும்படி வடிவமைக்க வேண்டும்.

படத்தை மேட்டில் ஒட்டி நேரடியாக வட்டமாக வெட்டலாமா?

பழைய படத்தை ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். மேட்டின் பசை படத்தின் முதுகைப் பிய்த்துவிடலாம். அங்கே யாரோ எழுதி வைத்த பெயரும் தேதியும் அதோடு போய்விடும். உருளைகள் படத்தின் முகத்தில் தடம் பதிக்கலாம். இவை எதுவும் நேராவிட்டாலும், வட்டத்துக்கு வெளியே போன பகுதி போனதுதான். இன்று தேவையற்றதாகத் தோன்றும் மூலையில்தான் பழைய வீட்டின் கதவும், வாசலில் நின்ற மிதிவண்டியும், இன்னாரென்று பின்னாளில் தெரியவரும் ஒரு முகமும் இருக்கும்.

முதலில் ஸ்கேன் செய்யுங்கள். அதே அளவில் அச்சிட 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள்) போதும். 600 பிபிஐயில் ஸ்கேன் செய்தால் தரம் குறையாமல் இரு மடங்கு பெரிதாக அச்சிடலாம். சிறிய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு 600 பிபிஐக்குக் குறையாமல் எடுப்பது நல்லது. அச்சிட்ட நகலை எப்படி வேண்டுமானாலும் வெட்டுங்கள். மூலத்தை ஏட்டிலேயே வைக்க விரும்பினால், நான்கு மூலைகளையும் செருகிவைக்கும் படமூலைகளை அமிலமற்ற காகிதத்தில் இயந்திரத்தாலேயே வெட்டி மடித்துக்கொள்ளலாம். படத்தில் துளிப் பசையும் படாது, வேண்டும்போது எடுத்துப் பின்பக்கத்தைப் படிக்கவும் முடியும். எடுத்தவுடன் வெளிவரும் போலராய்டு வகைப் படங்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். அவை பல அடுக்குகளைச் சேர்த்து மூடியவை, வெட்டினால் அடுக்குகள் பிரிந்துவிடும்.

படங்கள் பழைய ஒட்டும் ஆல்பத்தில் சிக்கிக்கொண்டிருக்கின்றன. எப்படி எடுப்பது?

பசைக் கோடுகள் போட்ட அட்டையின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும் ஆல்பங்களைச் சொல்கிறீர்கள். படங்களைச் சேமிக்க அதைவிடத் தீங்கான ஏற்பாடு குறைவு. எடுக்க முயலும் முன்பே, தாளை மெல்ல விலக்கி, படம் இருக்கும் இடத்திலேயே ஸ்கேன் செய்தோ கேமராவில் எடுத்தோ விடுங்கள். முயற்சி தவறினாலும் உருவம் மிஞ்சும். பிறகு, மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, அறுப்பதுபோல் மெதுவாக முன்னும் பின்னும் இழுத்து நகர்த்த வேண்டும். படம் வளையத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். வராத படத்தை அட்டையோடு சேர்த்துச் சுற்றி வெட்டி எடுத்து வைப்பதே மேல்.

மூலைகளிலும் சிறு வளைவுகளிலும் காகிதம் கிழிந்துபோகிறது. பிளேடு மாற்ற வேண்டுமா?

பிளேடு கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும். முதலில் மேட்டின் பிடிப்பைப் பாருங்கள்: காகிதம் இம்மியளவு நகர்ந்தாலும், பிளேடு மூலையில் சுழன்று திரும்பும்போது இழைகளை வெட்டாமல் இழுத்துவிடும். மேட்டை வெதுவெதுப்பான நீரிலும் ஒரு துளி மிதமான சோப்பிலும் கழுவி, துடைக்காமல் காற்றில் உலரவிட்டால் பிடிப்பு பெருமளவு திரும்பும். துணிக்கான மேட்டை மட்டும் இப்படிக் கழுவக் கூடாது. அடுத்ததாக, பிளேடு உறைக்குள் காகிதத் துணுக்கு சிக்கியிருக்கிறதா என்று பார்த்து, அலுமினியத் தாளை உருண்டையாகச் சுருட்டி அதில் பிளேடு முனையைச் சில முறை குத்தி எடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கிழிந்தால் வேகத்தைக் குறையுங்கள், அல்லது வடிவத்தைச் சற்றுப் பெரிதாக்குங்கள். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள கொடிகள் கனத்த அட்டையில் நிற்பதே அரிது. புதிய காகிதம் ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒரு சிறு சதுரத்தை வெட்டிச் சோதித்த பிறகே முழு வடிவத்தை வெட்டுங்கள்.

வெட்டிய துண்டை எடுக்கும்போது சுருண்டுவிடுகிறது.

மேட்டிலிருந்து காகிதத்தை உரிக்காதீர்கள். காகிதத்திலிருந்து மேட்டை உரியுங்கள். மேட்டைக் கவிழ்த்து மேசையில் வைத்து, ஒரு கையால் காகிதத்தை மேசையோடு அழுத்திக்கொண்டு, மேட்டை மட்டும் பின்னோக்கி வளைத்துச் சென்றால் துண்டு தட்டையாகவே தங்கும்.

தமிழில் தலைப்பு அடித்தால் எழுத்துகள் உடைந்து வருகின்றன. கொம்பும் காலும் இடம் மாறிவிடுகின்றன.

கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் ‘கொ’ என்பது முதலில் க, அடுத்து ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையிலோ அந்தக் குறி ககரத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். அப்படி இடம் மாற்றி அடுக்கும் வேலையைச் செய்யாத மென்பொருளில் எழுத்து உடைகிறது. சரியாகக் காட்டும் மென்பொருளிலும், எழுத்துகளின் இடைவெளியை மாற்றினாலோ அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தாலோ குறிகள் சிதறலாம்.

இதற்கு நிலையான தீர்வு, எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் வடிவமாக மாற்றி அனுப்புவதுதான். இங்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளில் தலைப்பைத் தட்டச்சு செய்து, அதைப் பாதைகளாக மாற்றும் கட்டளையைக் கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகளை ஒன்றிணைத்து, எஸ்விஜி கோப்பாகச் சேமியுங்கள். சில்ஹவுட்டின் இலவசப் பதிப்பு என்றால், மேலே சொன்னபடி டிஎக்ஸ்எஃப் கோப்பாகச் சேமிக்க வேண்டும். அதன்பிறகு வெட்டும் மென்பொருளுக்கு அது ஒரு பூவைப் போலவோ இலையைப் போலவோ வெறும் வடிவம். உடைய வழியே இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி விசைகளாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிக்கப்படுவதால், அவை நேரடியாகவும் சரியாக வருவதுண்டு.

எழுத்துருத் தேர்வில் அழகைவிடத் தடிமனைப் பாருங்கள். பலூ தம்பி போன்ற தடித்த, மூலை மழுங்கிய எழுத்துரு அட்டையில் கிழியாமல் வெட்டுப்படும். நோட்டோ செரிஃப் தமிழ் போன்றவற்றின் மெல்லிய கோடுகள் பெரிய அளவில் மட்டுமே தாங்கும்.

எழுத்து சரியாக வருகிறது, ஆனால் மெய்யெழுத்தின் புள்ளிகள் உதிர்ந்துவிடுகின்றன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒட்டுவது பெரும்பாடு.

புள்ளி எழுத்தோடு ஒட்டாத தனித் தீவு என்பதால் அது உதிரவே செய்யும். ஆய்த எழுத்தென்றால் மூன்று தீவுகள். இதற்கு ஆஃப்செட் என்னும் வசதி உதவும். தலைப்பு முழுவதையும் சுற்றி மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வெளிக்கோட்டை உருவாக்கினால், எழுத்தும் புள்ளியும் ஒரே நிழல்வடிவத்துக்குள் அடங்கிவிடும். அதை வேறொரு நிறத்தில் வெட்டி அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் எங்கே வர வேண்டும் என்று துல்லியமாகத் தெரிய, அதே தலைப்பை அடித்தளத்தின் மேல் இயந்திரத்தின் பேனாவால் மெல்லிய கோடாக வரையச் செய்து, அதன்மேல் ஒட்டினால் போதும்.

மாறாக, பக்கத்திலேயே எழுத்தைத் துளையாக வெட்டுவதென்றால் க, ண, ன போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் துண்டு விழுந்துவிடும். சுழியின் உட்பகுதியைப் பக்கத்தோடு இணைக்கும் சிறு பாலங்களை வடிவத்தில் முன்கூட்டியே சேர்க்க வேண்டும்.

பாட்டியின் கையெழுத்தை மெஷினில் எழுத வைக்க முடியுமா?

முடியும். ஒரு குடும்ப ஏட்டில் இந்த இயந்திரம் செய்யக்கூடிய மிக உயர்ந்த வேலை இதுதான் என்பது என் கருத்து. கடிதத்தை 600 பிபிஐயில் ஸ்கேன் செய்து, ஒளி-இருள் மாறுபாட்டைக் கூட்டிக் காகிதத்தின் கறைகளை நீக்கி, இங்க்ஸ்கேப்பில் படத்தைக் கோடாக மாற்றும் வசதியின் வழியே அனுப்புங்கள். வழக்கமான முறையில் மாற்றினால் ஒவ்வொரு கோட்டுக்கும் இரு கரைகள் கிடைக்கும். வெட்டுவதற்கு அது சரி, பேனாவால் எழுத அது உதவாது, ஏனெனில் பேனா இரண்டு கரைகளையும் வரைந்து எழுத்தை உள்ளீடற்றதாக ஆக்கிவிடும். எழுதச் செய்வதற்கு நடுக்கோட்டை மட்டும் பிரித்தெடுக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். கணினியின் சாதாரணத் தமிழ் எழுத்துருக்களைப் பேனாவால் எழுதச் செய்தாலும் இந்த இரட்டைக் கோட்டுச் சிக்கலே வரும்.

கோணலையும் அடித்தலையும் திருத்தாதீர்கள். ‘நலமா’ என்ற ஒரே சொல், கையொப்பம், சமையல் குறிப்பின் ஒரு வரி என்று சிறு பகுதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முழுக் கடிதத்தையும் எழுதவைப்பதைவிட, அதன் அச்சு நகலை ஓர் உறையில் இட்டுப் பக்கத்தில் செருகுவது பொருத்தம். பேனாவில் நிறமி மை இருக்கட்டும். சாய மை ஒளியில் மங்கும், ஈரம் பட்டால் கரையும்.

பிரிண்டரில் அச்சிட்ட படத்தை மெஷினில் வெட்டும்போது கோடு விலகிப்போகிறது. ஒரு பக்கம் வெள்ளை ஓரம் நிற்கிறது.

படத்தைச் சுற்றி அச்சாகும் கறுப்பு அடையாளங்களை இயந்திரத்தின் சென்சார் படித்துத்தான் வெட்டும் இடத்தைக் கணக்கிடுகிறது. பிரிண்டர் அமைப்பில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பது தேர்வாகியிருந்தால் அளவே மாறிவிடும். நூறு விழுக்காடு அளவிலேயே அச்சிட வேண்டும். பளபளப்பான காகிதத்தில் ஒளி எதிரொளிப்பதால் சென்சார் தடுமாறும். அடையாளங்களின் மேல் மட்டும் பளபளப்பற்ற ஒளிபுகும் டேப்பை ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்படியும் விலகினால் மென்பொருளில் உள்ள அளவுத்திருத்தச் சோதனையைச் செய்யுங்கள். அதோடு, நிறத்தை வெட்டுகோட்டுக்கு வெளியேயும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீட்டி அச்சிட்டால், சிறு விலகல் கண்ணுக்குத் தெரியாது.

எந்தப் பசை நல்லது? மிஞ்சிய வினைல் ஸ்டிக்கரையும் ஒட்டலாமா?

அமிலமற்ற இரட்டைப் பக்க டேப்பை அட்டைக்கு அட்டை ஒட்டவும், நுண்ணிய முனையுள்ள திரவப் பசையை எழுத்துகளுக்கும் பயன்படுத்துங்கள். ரப்பர் சிமென்ட், சாதாரண செல்லோடேப் இரண்டும் காலப்போக்கில் பழுப்பாகிக் கறை விடும். பசையோடு மல்லுக்கட்டுவது பழைய கதை. எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873-இல் காப்புரிமை பெற்றது, ஈரப்படுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பசைக்கோடுகள் பூசிய ஒரு ஸ்கிராப்புக் ஏட்டுக்குத்தான்.

வினைல் பெரும்பாலும் பிவிசி என்னும் பிளாஸ்டிக். அது வெளிவிடும் ஆவி படங்களைக் கெடுக்கும் என்பதால் ஏட்டின் உள்ளே வேண்டாம். பக்கங்களைப் போட்டு வைக்கும் உறைகளும் பிவிசியாக இல்லாமல் பாலிபுரோப்பிலின் அல்லது பாலியெஸ்டராக இருக்க வேண்டும்.

பேப்பர் கட்டிங், பஸ் டிக்கெட், கடை ரசீது இவற்றையெல்லாம் ஒட்டலாமா?

செய்தித்தாள் லிக்னின் மிகுந்த காகிதம். ரசீதும் இன்றைய பயணச்சீட்டும் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சானவை, சில ஆண்டுகளில் எழுத்தே மறைந்துவிடும். இரண்டையும் அமிலமற்ற காகிதத்தில் நகலெடுத்து நகலை ஒட்டுங்கள். மூலம் வேண்டுமென்றால் தனி உறையில், படங்களைத் தொடாதபடி வையுங்கள்.

படத்தில் இருப்பவர்களில் பாதிப் பேரை எனக்கே தெரியாது. என்ன எழுதுவது?

வடிவம் வெட்டுவதை நிறுத்திவிட்டு முதலில் செய்ய வேண்டிய வேலை இது. படத்தைப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு முகத்தின் மேலும் ஓர் எண்ணைப் போட்டு, குடும்பத்தில் மூத்தவரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். “இது யார்?” என்பதோடு நிறுத்தாமல், “யார் வீட்டில் எடுத்தது, எடுத்தவர் யார், ஏன் அன்று எல்லோரும் கூடியிருந்தீர்கள்?” என்றும் கேளுங்கள்; அவர் ஒப்பினால் பேச்சைப் பதிவு செய்யுங்கள். பெயரை எழுதும்போது ‘பெரியம்மா’ என்று மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறைக்கு யாருடைய பெரியம்மா என்று தெரியாது. முழுப் பெயரும் உறவும் இரண்டும் வேண்டும்.

உறுதியில்லாததை உறுதியில்லாததாகவே எழுதுங்கள். ‘இடமிருந்து மூன்றாமவர் கமலமாக இருக்கலாம், அத்தை சொன்னது’ என்ற வரி, தவறான பெயரை உறுதியாக எழுதுவதைவிட மதிப்புள்ளது. படத்தின் எல்லைக்கோடுகளை மட்டும் எடுத்து, எண்களோடு கூடிய நிழலுருவத்தை இயந்திரத்தின் பேனாவால் வரைந்து படத்துக்கு அருகில் வைத்தால், இருபது பேர் நிற்கும் திருமணப் படத்திலும் குழப்பம் வராது. விளக்கத்தை மட்டும் உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள். உங்கள் கையெழுத்தும் ஒரு நாள் வேண்டப்படும்.

குடும்பத்தோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லாத ஒருவர் படத்தில் இருக்கிறார். வெட்டி எடுத்துவிடலாமா?

ஏட்டில் ஒட்டும் நகலில் என்ன செய்வது என்பது உங்கள் உரிமை. அவரைத் தவிர்த்து ஒரு பகுதியை மட்டும் அச்சிடலாம். அவர் இல்லாத வேறு படத்தையும் தேர்ந்தெடுக்கலாம். மூலத்தை வெட்டக் கூடாது என்ற விதி இங்கே இன்னும் கண்டிப்பானது. பிணக்கு உங்கள் தலைமுறையோடு முடியலாம், அவருடைய பிள்ளைகளுக்கு அந்தப் படம் தேவைப்படலாம். பக்கத்தின் பின்னால் ஒரு காகிதப் பையை இயந்திரத்தில் வெட்டி மடித்து ஒட்டி, வெட்டப்படாத முழுப் படத்தின் நகலை அதற்குள் வைப்பதும் ஒரு வழி. பிரிந்த வாழ்க்கைத்துணையின் படம், இறந்த குழந்தையின் படம் ஆகியவற்றுக்கும் பலர் இதையே விரும்புகிறார்கள். திறந்து பார்ப்பதா என்பதைப் படிப்பவரே முடிவு செய்துகொள்ளலாம்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆளுக்கொரு பிரதி வேண்டும். பிறகு மென்பொருளே நின்றுபோனால் என்ன செய்வது?

பிரதியெடுக்க எளிது: வடிவக் கோப்பும் ஸ்கேன்களும் இருப்பதால், ஒரே நிறத் துண்டுகள் அனைத்தையும் ஒரே மேட்டில் அடுக்கி வெட்டிவிட்டு, பக்கவாரியாக உறைகளில் பிரித்து வைத்துக்கொண்டு ஒட்டத் தொடங்குங்கள். விலைக்கு வாங்கிய வடிவங்களின் உரிம விதியை மட்டும் படித்துக்கொள்ளுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கும் விற்பனைக்கும் விதிகள் வேறு.

மென்பொருளைப் பற்றிய அச்சம் நியாயமானது. நிறுவனத்தின் இணையக் கணக்குக்குள் மட்டும் சேமித்த வடிவம், அந்தக் கணக்கு உள்ளவரைதான் உங்களுடையது. நீங்களே வரைந்தவற்றை எஸ்விஜி கோப்பாக உங்கள் கணினியிலும், வேறொரு வீட்டில் இருக்கும் இன்னொரு வட்டிலும் வைத்திருங்கள். ஏடு முடிந்ததும், உறைகளில் போடும் முன்பு, ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, கோப்பின் பெயரில் ஆண்டையும் நிகழ்வையும் எழுதிச் சேமியுங்கள். பன்னிரண்டு அங்குலப் பக்கம் சாதாரண ஸ்கேனரில் அடங்காது. இரண்டு மூன்று பகுதிகளாக எடுத்து இணைக்கலாம், அல்லது இரு பக்கமும் ஒரே அளவான ஒளி விழும்படி விளக்குகளை வைத்து, பக்கத்துக்கு நேர் மேலே கேமராவை நிறுத்திப் படமெடுக்கலாம். பல அடுக்குகளாக உயர்த்தி ஒட்டிய பக்கங்களுக்கு இரண்டாவது முறையே ஏற்றது.